மண்ணெண்ணெய் குடித்து வளர்ந்த வண்டி

அப்பாவின் ஹொண்டா சி 90ஐக் கொட்டிலிலிருந்து நான் வெளியே இழுத்தது பழம்பொருள்கள் மேல் உள்ள ஆசையால் அல்ல, நான்கு லீற்றர் பெற்றோலுக்காக. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீட்டு முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று அளந்துவிட்டார்கள். கொக்குவிலிலிருந்து சாவகச்சேரிக்கு நாள்தோறும் வேலைக்குப் போய்வரும் எனக்கு அது வியாழக்கிழமை மாலையோடு தீர்ந்துவிடும். அப்பாவின் பெயரில் ஒரு வண்டி 14 வருடங்களாகச் சும்மா கிடக்கிறது, பதிவுப் புத்தகமும் அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது. அதை ஓடவைத்தால் வீட்டுக்கு இன்னொரு நான்கு லீற்றர் கிடைக்கும். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஏழு மாதங்கள் போயின.

சி 90ஐ யாழ்ப்பாணத்தவருக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1958இல் ஹொண்டா தொடங்கிய சூப்பர் கப் குடும்பத்துப் பிள்ளை அது. 89.5 சிசி, முன்பக்கம் பார்த்துக் கிடையாகப் படுத்திருக்கும் ஒற்றைச் சிலிண்டர், கிளச் பிடி இல்லாத மூன்று கியர், 6 வோல்ட் மின்சாரம். ஜப்பானியத் தபால்காரர்கள் ஓட்டிக் கழித்த பிறகு இங்கே வந்து சேர்ந்த எம்டி 90 இதன் உறவு. கூட்டம் கூடினால் எல்லோரும் எம்டி 90ஐப் பற்றித்தான் கதைப்பார்கள். சி 90, பள்ளிக்கூட வாசலில் ஓரமாக நிற்கும் வண்டி. அப்பாவும் வாத்தியார்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும். பழைய வண்டி ஒழுங்காக ஓடவில்லை என்றால் எல்லோருடைய கையும், பெற்றோலையும் காற்றையும் கலந்துவிடும் காபரேற்றருக்குத்தான் நேரே போகிறது. நான் போகவில்லை. அது என் புத்திசாலித்தனமல்ல, கோண்டாவிலில் கராஜ் வைத்திருக்கும் அண்ணை ஒருவர் தடுத்துவிட்டார். "காபரேற்றர் பழுது என்று வருகிற பத்து வண்டியில் ஐந்துக்குப் பொயின்ற்தான் பழுது தம்பி. முதலில் அதைப் பாருங்கள்" என்றார். பார்த்தேன். பிளக்கில் பொறி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் அந்தப் பொயின்றின் இரண்டு முகங்களும் கறுத்துக் குழி விழுந்திருந்தன. தேய்த்துச் சமப்படுத்தி, 0.3 முதல் 0.4 மில்லிமீற்றருக்குள் இடைவெளி வைத்தேன். வால்வு இடைவெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.05 மில்லிமீற்றர். பிளக்கில் நீலப் பொறி வந்தது. இவ்வளவும் ஒரே காலையில் முடிந்தது. இதைச் செய்யாமல் காபரேற்றரைத் திறந்திருந்தால் ஏழு மாதம் இரண்டு வருடமாகியிருக்கும்.

அடுத்தது தாங்கி. உப்புக்காற்றில் 14 வருடம் பாதி வெறுமையாகக் கிடந்த தாங்கி எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வினாகிரியை நிறைய ஊற்றி இரண்டு நாள் ஊறவிட்டு, ஒரு பழைய சைக்கிள் சங்கிலியை உள்ளே போட்டுக் குலுக்கினேன். தேநீர் நிறத்தில் கொட்டியது. பிறகுதான் பிழை செய்தேன், கிணற்றுத் தண்ணீரால் அலம்பினேன். எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லைக் குடைந்து வெட்டியவை. கேத்தல் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கை யாழ்ப்பாணத்துப் பெண்களிடம் கேட்டால் சொல்வார்கள். அதே பொருக்கு தாங்கியின் உள்சுவரிலும் காய்ந்து படிந்தது, பின்னர் தூளாக உதிர்ந்து பெற்றோலோடு இறங்கியது. மறுபடி வினாகிரி, இந்த முறை பீப்பாவில் பிடித்த மழைத்தண்ணீர், கடைசியாகக் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு ஒரு சுழற்றல். காபரேற்றரின் சிறு துளைகளையும் கிணற்றுத் தண்ணீரால் கழுவாதீர்கள். காய்ந்த பின் என்ன மிஞ்சும் என்பதைக் கண்ணால் கண்டவன் சொல்கிறேன்.

காபரேற்றரை எடுக்க வெள்ளைக் கால் மறைப்பைக் கழற்றவேண்டும். இந்தப் பழைய வகையில் பெற்றோல் பூட்டும் அதன் கீழ் உள்ள சிறு வடிகிண்ணமும் காபரேற்றரோடு ஒட்டியே இருக்கின்றன. கழற்றிய சாமான்களை ஒழுங்காக வைக்க எனக்குக் கிடைத்த சிறந்த பாத்திரம் இட்லித் தட்டு. ஒவ்வொரு குழிக்கும் ஒரு பாகம்: பெற்றோலை அளந்துவிடும் துளையுள்ள மெயின் ஜெட், சிறு ஜெட், ஊசி, மிதவை, சுருள்வில், ஓ ரிங். கழற்றிய வரிசையில் குழி குழியாக வைத்தால் பூட்டும்போது தடுமாற்றமே வராது. அம்மாவுக்கு மட்டும் தடுமாற்றம் வந்தது. அந்தத் தட்டு இன்றும் கொட்டிலில்தான் இருக்கிறது, சமையலறைக்குத் திரும்ப அனுமதி கிடைக்கவில்லை.

மிதவைக் கிண்ணத்துக்குள் பெற்றோல் காய்ந்து பனங்கட்டிப் பாகு போல இறுகியிருந்தது. பெற்றோலும் பல்துலக்கும் தூரிகையும் வெளிப்பக்கத்துக்குப் போதும், உள்ளே ஓடும் வழிகளுக்குப் போதாது. கம்பி விட்டுக் குத்தலாமா என்றால், கூடாது. ஜெட் பித்தளை, மென்மையானது. இரும்புக் கம்பி ஒரு கீறல் போட்டால் அளவு போய்விடும். கிற்றார் கம்பி என்று சிலர் சொல்வார்கள், அதுவும் இரும்புதான். கஸ்தூரியார் வீதியில் நகைப் பட்டறை வைத்திருக்கும் உறவினர் ஒருவரின் ஞாபகம் வந்தது. நகையின் இடுக்கில் சேரும் அழுக்கை எடுக்க அவரிடம் ஒலியதிர்வுத் தொட்டி ஒன்று உண்டு. பெற்றோல் வாடை முழுதாகப் போகும்வரை சவர்க்காரத்தால் கழுவிய பாகங்களைக் கொண்டுபோனேன். வெந்நீரும் சவர்க்காரத் தூளும் விட்டுத் தொட்டியை இயக்கினார். வளையல்கள் கிடக்கவேண்டிய கம்பிக் கூடைக்குள் என் காபரேற்றர். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சிறு ஜெட்டின் வாயிலிருந்து மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு நீருக்குள் இறங்கியது, அறுந்தது, மறுபடி இறங்கியது. ஐந்தைந்து நிமிடமாக மூன்று முறை வைத்தபின் தண்ணீர் தெளிவாகவே நின்றது.

பாகங்களைத் துடைத்துத் தரும்போது அவர் கண்ணில் வைக்கும் பூதக்கண்ணாடியால் மெயின் ஜெட்டைப் பார்த்தார். தங்கத்தைப் பார்த்துப் பழகிய கண். "தம்பி, இது தேய்ந்த துளை இல்லை. யாரோ தோண்டிய துளை" என்றார். ஜெட்டின் தலையில் 75 என்ற எண் பாதி தெரிந்தது. இந்தக் கெய்ஹின் ஜெட்களில் எண் என்பது துளையின் விட்டத்தைக் கிட்டத்தட்ட மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்குக் கணக்கில் சொல்வது. 75 என்றால் 0.75 மில்லிமீற்றர். அவர் தன்னிடமிருந்த 0.9 துளையூசியின் தண்டை விட்டுப் பார்த்தார், வழுக்கிக்கொண்டு போனது. நான் அப்போது அதைப் பெரிதாக எடுக்கவில்லை. 0.15 மில்லிமீற்றர்தானே என்று நினைத்தேன். துளையின் பரப்பளவு விட்டத்தின் வர்க்கத்தோடு கூடும், அதாவது 44 சதவீதம் அதிகம் பெற்றோல் போகும் வழி அது என்பதை ஒரு வாத்தியாரின் மகன் உடனே கணக்கிட்டிருக்க வேண்டும்.

பூட்டினேன். மூன்றாவது உதையில் எஞ்சின் பிடித்தது. கொட்டில் முழுவதும் புகை, அம்மா வெளியே ஓடி வந்தார், அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். மகிழ்ச்சி பத்து நிமிடம் நீடித்தது. சூடானதும் எஞ்சின் தானாக வேகம் பிடித்துக் கத்தியது. ஐட்லிங் திருகாணியைக் குறைத்தால் நின்றுவிட்டது. கைப்பிடியை விட்டால் புகைக்குழாயில் பட் பட் என்று வெடித்தது. தெருவில் ஓட்டினால் நேர்மாறு: இழுக்கும்போது மூச்சுத் திணறி, கறுப்பாகப் புகைத்தது. இரவு நிறுத்தி வைத்தால் காலையில் கீழே பெற்றோல் ஈரம்.

இந்த மூன்றும் ஒன்றோடொன்று சேராது. வெடிப்பும் தானாக ஏறும் வேகமும் பெற்றோல் குறைவு, காற்று அதிகம் என்று சொல்கின்றன. கறுப்புப் புகை பெற்றோல் அதிகம் என்கிறது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், நின்ற இடத்திலேயே ஓடவிட்ட பின் வெள்ளை, அதாவது பெற்றோல் குறைவு; இணுவில் வரை ஓட்டிவிட்டு வந்தபின் கறுப்பு, அதாவது பெற்றோல் அதிகம். ஒரே நோயாளிக்கு ஒரே நேரத்தில் காய்ச்சலும் குளிரும்.

இந்த இடத்தில் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். புதுக் காபரேற்றர் வாங்கினேன். ஸ்ரான்லி வீதியில் ஒரு கடையில், 'எல்லா நைன்ரிக்கும் பொருந்தும்' என்று சொல்லித் தந்தார்கள். ஆணித் துளைகள் பொருந்தின. வீட்டில் வேர்ணியர் வைத்து அளந்தால் வாய் நம்முடையதை விட அகலம். பூட்டி ஓட்டினேன். கறுப்புப் புகை நின்றது, சொட்டும் நின்றது, ஆனால் சூடானதும் அதே கத்தல், அதே வெடிப்பு. கொடுத்த காசை நினைத்து இரண்டு நாள் யாரோடும் கதைக்கவில்லை. மூன்றாம் நாள்தான் புத்தி வந்தது. காபரேற்றரையே மாற்றிய பிறகும் ஒரு குறை அப்படியே இருக்கிறது என்றால் அந்தக் குறை காபரேற்றரில் இல்லை. காசு கொடுத்து வாங்கிய விடை அது. பழைய காபரேற்றரை மறுபடி பூட்டினேன்.

காற்று எங்கேயோ புகுகிறது. காபரேற்றருக்கும் சிலிண்டருக்கும் இடையில் உள்ள எந்த இடுக்கால் காற்றுப் புகுந்தாலும் அது அளவில் சேராத காற்று. எஞ்சின் மெதுவாக ஓடும்போது உள்ளே உறிஞ்சல் பலமாகவும் உள்வரும் மொத்தக் காற்று குறைவாகவும் இருக்கும், ஆகவே சிறு கசிவும் பெரிதாகத் தெரியும். கைப்பிடியை முறுக்கினால் காற்று வெள்ளமாகப் போகும், கசிவு அதில் கரைந்துவிடும். அந்த வேளையில் ஆட்சி செய்வது மெயின் ஜெட். அந்தப் பிளக் ஏன் வெள்ளையும் கறுப்புமாக வந்தது என்பது இப்போது விளங்கியது: குறை இரண்டு, ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு நின்றன.

கசிவு தேடுவதற்குச் சிலர் பெற்றோலைப் பீச்சுவார்கள். சூடான எஞ்சினுக்கும் புகைக்குழாய்க்கும் மேலே பெற்றோலைப் பீச்சுவது வீட்டைக் கொளுத்துவதற்கு நல்ல வழி. நான் எஞ்சின் எண்ணெயையும் ஒரு சிறு வர்ணத் தூரிகையையும் எடுத்தேன். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பின் சுற்றிலும் எண்ணெயைப் பூசிக்கொண்டு போகவேண்டும். காற்று புகும் இடத்தை எண்ணெய் ஒரு கணம் அடைக்கும், சத்தம் மாறும். சிறிது நேரத்தில் புகைக்குழாயில் நீலப் புகை எட்டிப்பார்க்கும். காபரேற்றர் விளிம்பில் பூசினேன், கொஞ்சம் மாறியது. சிலிண்டர் தலையோடு சேரும் இடத்தில் மாற்றமில்லை. இரண்டையும் இணைக்கும் உள்வழிக் குழாயின் நடுவில், அடிப்பக்கத்தில், பல வருடத் தூசியும் எண்ணெயும் சேர்ந்து களியாகக் கட்டியிருந்த இடத்தில் தூரிகை பட்டதும் எஞ்சின் சட்டென்று அடங்கிப் பெட்டிப் பாம்பாக ஓடியது.

களியைச் சுரண்டினேன். அடியில் தீக்குச்சி அளவுக்கு ஒரு பித்தளைக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் சைக்கிள் வால்வு ரியூப் துண்டு ஒன்று, அதன் வாயில் ஒரு சிறு ஆணி, சுற்றிலும் செப்புக் கம்பிக் கட்டு. ரப்பர் தொட்டவுடன் பொடிந்தது. இப்படி ஒரு பாகம் ஹொண்டாவின் எந்த வரைபடத்திலும் இல்லை.

கழற்றிக்கொண்டு போய் அப்பாவின் கையில் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தார், சிரித்தார். "இது உன் சூப்பிப் போத்தலுக்கு வைத்த வழி" என்றார்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்கு வராமல் தடுக்கப்பட்ட பொருள்களில் பெற்றோல் ஒன்று. வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் மண்ணெண்ணெயில் குளிர்ந்த எஞ்சின் பிடிக்காது. பெற்றோலின் ஆவி உறைபனிக்கு 40 பாகை கீழேயும் தீப்பற்றக்கூடியது, மண்ணெண்ணெய்க்கு 38 பாகை செல்சியசாவது வேண்டும். ஆகவே சில துளி பெற்றோலில் எஞ்சினைப் பிடிக்கவைத்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு விடுவார்கள். காபரேற்றர் வாய்க்குள் துளி விட்டு உதைத்தவர்களே அதிகம். எங்கள் வண்டிக்கு அந்தக் காலத்து மெக்கானிக் ஒருவர் உள்வழிக் குழாயில் துளையிட்டுப் பித்தளைக் குழாய் பதித்து, சேலைன் குழாய் ஒன்றைப் பூட்டி, அதன் மறுமுனையில் நான் குடித்து முடித்த சூப்பிப் போத்தலைக் கைப்பிடியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். பதினைந்து துளி போதுமாம். சேலைன் குழாயில் இருக்கும் உருட்டு அடைப்பானை அப்பா பெருவிரலால் உருட்டிக் காட்டினார், வெறுங்கையில், காற்றில். முப்பது வருடத்துக்குப் பிறகும் விரலுக்கு அளவு தெரிந்திருந்தது.

மிச்சத்தையும் அப்போதுதான் கேட்டேன். மெயின் ஜெட்டைத் தோண்டியது அதே மெக்கானிக். மண்ணெண்ணெய் தடிப்பானது, ஜெட்டால் மெதுவாக இறங்கும், எளிதில் ஆவியாகவும் மாட்டாது, அதனால் அதிகம் விடவேண்டும். ஊசியைத் தள்ளிப் பெற்றோலை நிறுத்தும் மிதவையின் நாக்கை வளைத்தவரும் அவர்தான். மண்ணெண்ணெய் பெற்றோலை விட அடர்த்தி கூடியது, அதில் மிதவை உயர்ந்து மிதந்து ஊசியை முன்கூட்டியே மூடிவிடும், கிண்ணத்தில் மட்டம் குறையும். ஆகவே நாக்கை வளைத்து மட்டத்தை ஏற்றினார். அவர் செய்த ஒவ்வொன்றும் சரி. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் பாட்டியைப் பின்னால் இருத்தி, சனத்தோடு சனமாக நாவற்குழிப் பாலம் வரை உருட்டிக்கொண்டு போனதும் இந்த வண்டியைத்தான். ஊர் திரும்பினோம், பெற்றோலும் வந்தது, ஆனால் மண்ணெண்ணெய்க்காகச் செய்ததை யாரும் திருப்பிச் செய்யவில்லை. தோண்டிய ஜெட்டும் ஏறிய மட்டமும் கசியும் குழாயும் ஒன்றின் பிழையை ஒன்று தாங்கிக்கொண்டு ஓடின. அப்பா காற்றைக் குறைக்க ஏர் ஸ்குறூவை முழுதாக இறுக்கி, சோக்கைப் பாதி இழுத்து, பழக்கத்தால் ஓட்டினார். நான் ஒரு மூலையைச் சுத்தம் செய்ததும் அந்தச் சமநிலை குலைந்தது.

அதற்குப் பிறகு வேலை எளிது என்று சொல்லமாட்டேன், ஆனால் என்ன வேலை என்று தெரிந்துவிட்டது. ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் மாற்றினேன், மாற்றியதை அப்பாவின் பழைய பாடக்குறிப்புக் கொப்பியில் எழுதினேன்.

மிதவை மட்டத்துக்குப் புத்தக அளவைத் தேடி அலையவில்லை. உரும்பிராயில் மாமா ஒருவரிடம் யாரும் கைவைக்காத சி 90 ஒன்று நிற்கிறது. அதன் காபரேற்றரைச் சரித்துப் பிடித்து, நாக்கு ஊசியின் நுனி வில்லைத் தொடும் நிலையில் மிதவையின் உயரத்தை வேர்ணியரால் அளந்து, நம்முடையதை அதே அளவுக்கு வளைத்தேன். நாக்கை வளைக்கும்போது ஊசியை எடுத்துவிட வேண்டும், அழுத்தினால் அதன் முனை கெட்டுவிடும். மிதவையை வெந்நீரில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்றும் பார்த்தேன், வரவில்லை. வந்திருந்தால் ஈயம் வைத்து ஒட்டலாம், ஆனால் ஈயத்தின் பாரம் மட்டத்தை மறுபடி மாற்றும்.

காபரேற்றர் விளிம்பில் கொஞ்சம் கசிவு இருந்தது என்றேன் அல்லவா. இரண்டு ஆணிகளையும் யாரோ வெறியோடு இறுக்கி, விளிம்பின் இரண்டு காதுகளும் வளைந்துவிட்டன. கண்ணாடித் தகட்டின் மேல் வைத்தால் ஆடியது. அதே கண்ணாடியில் 400ஆம் இலக்க நீர்த்தாளை ஒட்டி, எட்டு எழுதுவது போல மெதுவாகத் தேய்த்தேன். முதலில் இரண்டு காதுகள் மட்டும் மினுங்கின, அரை மணி நேரத்தில் முழு முகமும். இடையில் வரும் ஓ ரிங்கில் ஒருமுறை ஏமாந்தேன். தண்ணீர்க் குழாய்க்கான ஓ ரிங் அளவாக இருந்தது, போட்டேன். இரண்டு வாரத்தில் பெற்றோல் குடித்து ஊதிப் பள்ளத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. பெற்றோலுக்குத் தாக்குப்பிடிப்பது நைட்ரைல் ரப்பர், கேட்டு வாங்குங்கள். சிலிக்கன் பசையைப் பூசி அடைக்கும் வழக்கமும் இங்கே உண்டு. பெற்றோல் பட்டதும் அது இளகி நூல் நூலாகப் பிரிந்து உள்ளே போகும்.

காபரேற்றருக்கும் குழாய்க்கும் நடுவில் வரும் கறுப்பு பேக்லைட் தட்டு வெடித்திருந்தது. கடையில் இல்லை. கடைச்சல் பட்டறையில் அலுமினியத்தில் அழகாகச் செய்து தந்தார்கள். அழகுதான் மிச்சம். அந்தத் தட்டின் வேலையே எஞ்சின் சூட்டைக் காபரேற்றருக்கு விடாமல் தடுப்பது, அலுமினியம் சூட்டைக் கைகொடுத்து அழைத்துப்போகும். மதிய வெயிலில் நல்லூரில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு வந்தால் எஞ்சின் பிடிக்காது, கிண்ணத்துக்குள் பெற்றோல் கொதித்திருக்கும். பிறகு உடைந்த பழைய மின்சாரப் பலகை ஒன்றின் பேக்லைட்டை அதே தடிப்பில் வெட்டி, துளையிட்டு, ஓ ரிங்குக்குப் பள்ளம் எடுத்து நானே செய்தேன். நேர்த்தி போதாது, ஆனால் வேலை செய்கிறது.

ஜெட்டுக்கும் காற்று வடியின் ரப்பர்க் குழாய்க்கும் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போனேன். முதல் தடவை இரவு பஸ் ஏறி விடியற்காலையில் இறங்கினால் அன்று பௌர்ணமிப் போயா விடுமுறை, பாதிக் கதவுகள் மூடியிருந்தன. நாட்காட்டியைப் பார்த்துவிட்டுப் போங்கள், வேறென்ன சொல்ல. இரண்டாம் தடவை பழைய பாகங்களைக் கையோடு கொண்டுபோனேன். 'சி 90க்கு வேண்டும்' என்று கேட்டால் எடுத்துத் தருவது கைக்கு எட்டுகிற எதையாவது. ஹொண்டாவின் பாக எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பேச்சு மாறும். முதல் ஐந்து இலக்கம் அது என்ன பாகம் என்பது: 16100 முழுக் காபரேற்றர், 16211 அந்தப் பேக்லைட் தட்டு. நடுவில் உள்ள மூன்றும் அந்தப் பாகம் முதலில் எந்த வண்டிக்காகச் செய்யப்பட்டது என்பதைச் சொல்லும். வேறு மாதிரிக்குரிய பெட்டியிலும் நம்முடைய பாகம் இருக்கலாம் என்பது அதில்தான் தெரியும். என் அரைகுறைச் சிங்களமும் கடைக்காரரின் அரைகுறைத் தமிழும் போதுமாயிருந்தன, எண் இரண்டு மொழியிலும் ஒன்றுதானே. ஜெட் ஒன்று வாங்கவில்லை. 72, 75, 78 என்று மூன்று வாங்கினேன். ஒன்றுக்காக மறுபடி பஸ் ஏறுவதை விட அது மலிவு. ரப்பர்க் குழாயை விரலால் மடித்துப் பார்த்து வாங்கினேன். கடையில் புதிது போல இருப்பது பல வருடம் அலுமாரியில் கிடந்து உள்ளே வெடித்திருக்கலாம்.

75தான் சரியாக வந்தது. இதைப் பிளக்கில் பார்க்கவேண்டும், ஆனால் வீட்டுக்கு வந்து நிறுத்திவிட்டுப் பார்த்தால் கடைசி ஐந்து நிமிட ஐட்லிங்தான் தெரியும். நீளமான வீதியில் நல்ல இழுவையில் ஓட்டி, அப்படியே எஞ்சினை நிறுத்தி, ஓரங்கட்டிக் கழற்றிப் பார்க்கவேண்டும். பால் தேநீர் நிறம் வந்தால் விட்டுவிடலாம். ஏர் ஸ்குறூவை மெதுவாக முட்டும்வரை இறுக்கி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்றுத் திறந்து, சூடான எஞ்சினில் கால் காலாகக் கூட்டிக் குறைத்து, சத்தம் எங்கே சீராக இருக்கிறதோ அங்கே விட்டேன். எங்கள் வண்டிக்கு ஒன்றேகாலில் நின்றது. இந்தத் திருகாணி காற்றை அளப்பது, இறுக்கினால் பெற்றோல் கூடும். எஞ்சின் பக்கம் திருகாணி இருக்கும் காபரேற்றர்களில் அது பெற்றோலை அளக்கும், திருகும் திசையின் பொருளும் தலைகீழ். உங்கள் வண்டியில் எது என்று பார்க்காமல் கேள்விப்பட்டதை வைத்துத் திருகவேண்டாம்.

கடைசியாக மிஞ்சியது உள்வழிக் குழாயில் இருந்த துளை. பித்தளைக் குழாயைக் கழற்றியாயிற்று. கோண்டாவில் அண்ணை அலுமினிய ஒட்டு வைத்து அடைத்துத் தருவதாகச் சொன்னார், நானும் சம்மதித்தேன். அப்பாவிடம் சொன்னபோது முகம் மாறியது.

"ஒட்டி அடைக்காதே. மரை போட்டு ஆணியால் மூடிவிடு."

"மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ஆகிவிட்டது அப்பா. இனி யார் அதில் ஓடப்போகிறார்கள்?"

"அது இப்போதைய விலை" என்றார்.

6 மில்லிமீற்றர் மரை வெட்டி, செப்பு வளையம் வைத்து, ஆணி போட்டு மூடினேன். எண்ணெய் பூசிப் பார்த்தேன், சத்தம் மாறவில்லை. பித்தளைக் குழாயை எறியக் கேட்டபோது அப்பா தரவில்லை, கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருக்கிறார்.